தம்பியின் சோர்வு குறித்து

வணக்கம் சகோதரி. புதுச்சேரியில் எம்.டி. முடித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த உங்கள் தம்பி, ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்க்கும் செல் வளர்ப்பு தொடர்ந்து கெட்டுப்போவதால் மூன்று வாரமாகத் தூக்கமின்றி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்கிறார் என எழுதியிருந்தீர்கள். நானும் அப்பாதையில் வந்தவன். வார்டில் காய்ச்சல் இறங்கினால் அன்றே தெரிந்துவிடும். ஆய்வகத்திலோ, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய வளர்ப்பு ஊடகம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) கெட்டு மஞ்சளாகிக் கலங்கி நிற்பதைப் பார்க்கும் காலைகள் பல உண்டு, அதை நம் தகுதிக் குறைவென்றே எண்ணிவிடுகிறோம். வார்டுப் பணியில்லாத ஆய்வு நாட்களை ஒதுக்கித் தருமாறு வழிகாட்டியிடம் அவர் எழுத்திலேயே கேட்கட்டும். மூன்று வாரத் தூக்கமின்மை சிறிதன்று. மனநல மருத்துவரிடம் இப்போதே அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். மாலையில் வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலையில் அவருடன் நடங்கள். ஆய்வைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்.