கோண்டாவில் பக்கம் காணி வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நில அளவையில் முப்பது வருடம் ஓடிவிட்டது, அதில் பாதி யாழ்ப்பாணப் பட்டணத்து ஓரத்துக் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஒழுங்கைகளுக்குள்தான். நீங்கள் கேட்டிருந்தவற்றுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கைதடித் தம்பி: போர் முடிந்த பிறகு இந்தப் பக்கம் இப்படி நெரிகிறதே, சனம் அவ்வளவு கூடிவிட்டதா?

இல்லைத் தம்பி, அதுதான் வேடிக்கை. 1981 கணக்கெடுப்பில் இப்போதைய யாழ். மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம்தான். மாவட்டம் மெலிந்தது, பட்டணத்தின் ஓரம் பருத்தது. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்தவர்களில் பலர் வாடகைக்கு இருந்து இருந்து இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். தீவகத்துப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்காக வந்தார்கள். பல்கலைக்கழகம் 1974 முதலே திருநெல்வேலியில்தான். 2009க்குப் பிறகு ஏ9, அதாவது கண்டி வீதி, திறந்தது, வெளிநாட்டுக் காசும் வங்கிக் கடனும் வந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த சனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. அதோடு விலை ஏறிவிட்டது.

கொழும்பிலிருந்து ஒரு தங்கச்சி: கோண்டாவிலில் ஒரு பரப்புத் துண்டு வருகிறது. வீடு கட்டப் போதுமா அண்ணை?

வீட்டுக்குப் போதும். தண்ணீருக்குத்தான் யோசிக்க வேண்டும். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் 50 அடியாவது விடச் சொல்வார்கள். மூலைக்கு மூலை வைத்தால் உங்கள் கிணறு தப்பும். மதிலுக்கு அந்தப் பக்கம், உங்கள் குழியிலிருந்து பத்தடியில், அடுத்த வீட்டுக் கிணறு இருந்தால்? அவர்களின் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம்? தரகர் இதைச் சொல்லமாட்டார்.

2011இல் நான் அளந்து பிரித்த ஒரு தோட்டம் 12 பரப்பு. செம்மண், வெங்காயம் கிண்டி எடுத்த குழிகூட மூடியிருக்கவில்லை. நடுவில் ஒரே கிணறு, தண்ணீர் இறைக்கும் துலாவின் கால் இன்னும் நின்றது. இப்போது பத்து வீடு, பத்துக் கிணறு, பத்துக் குழி. எல்லைக் கல்லைப் போட்டது நான்தான், அந்தக் குற்றவுணர்வு எனக்கும் உண்டு.

கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பு வழியே தண்ணீர் சரசரவென்று போகும், வடிகட்டி அனுப்பும் என்று நம்பாதீர்கள். தோட்டத்துக்கு வருடக்கணக்காகப் போட்ட யூரியாவும் அதே தண்ணீரில்தான். அதிலிருந்து வரும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று முற்பணம் கொடுக்க முன் சோதியுங்கள். கொதிக்க வைத்தால் போகாது, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது முக்கியம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று. ஆனால் உங்கள் ஒழுங்கைக்குள் குழாய் வந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இணுவில் அண்ணர்: தம்பியாரோடு பங்குக் காணி. என் பங்கை வெளியாருக்கு விற்கலாமா?

முதலில் அவரிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தான் வாங்கும் உரிமை, உண்டு. கேட்காமல் விற்றால் வழக்கு வரும். மனைவியின் பெயரில் உள்ள காணி என்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

கிளிநொச்சியில் வேலை செய்யும் ஒருவர்: கோண்டாவிலில் இருந்து தினமும் போய்வரலாமா?

பலர் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே ஏறக்குறைய 65 கிலோமீற்றர், அதற்கு மேல் கோண்டாவிலில் இருந்து பட்டணம் வரும் நேரம். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது, பஸ்ஸில் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டுக் காணி உறுதி எழுதுங்கள்.