உப்புக் காற்றில் பழைய காருக்குப் பீடிங் பொருத்துவது எப்படி?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினிக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டோம். கழற்றி வைத்த பக்கவாட்டுப் பீடிங்கை (காரின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் மெல்லிய உலோகப் பட்டை) திரும்ப மாட்டச் சொன்னால், பட்டறையில் பழைய கிளிப் கிடைக்காது, ஸ்க்ரூ அடித்துவிடலாம் அல்லது டபுள் சைடு டேப்பில் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். எதைச் செய்வது? – மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: ஸ்க்ரூ அடிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மண்டபம், பாம்பன், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் பீடிங் கழன்று விழுவதைவிட, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கதவுத் தகடு அரிக்கப்படுவதே பெரிய இழப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், தகட்டில் படிந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். ஆகவே மழை பெய்யாத மாதத்திலும் துரு பிடிக்கும். அந்த உப்பு நீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீடிங்கும் பெயின்ட் உரிந்த இரும்புத் தகடும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். பீடிங் அலுமினியமாக இருந்தால் அதுவே வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். ஸ்க்ரூ பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு இறங்குவதால், இந்த அரிப்புக்கு அதுவே வழி திறந்துவிடுகிறது.

எனவே, கிளிப் மாட்டியிருந்த பழைய ஓட்டைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் விளிம்பையும் துருவே இல்லாத வரை சுரண்டி, எபாக்சி பிரைமரும் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அதன்மேல் பெயின்ட்டும் தொட்டு வைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இது. பக்கத்தில் நின்று செய்ய வைப்பதில் தவறில்லை. பத்மினிக்கென்றே வந்த கிளிப் கிடைக்காவிட்டால், பீடிங்கின் உள் அகலத்தையும் ஓட்டையின் விட்டத்தையும் அளந்துகொண்டு போய், அந்த அளவுக்கு ஏற்ற நைலான் கிளிப் வாங்குங்கள். இரும்புக் கிளிப்பைவிட இங்கே அதுவே மேல், ஏனென்றால் உலோகத்தை உலோகம் தொடாது. கிளிப்பின் அடியில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சிறு வளையமாக வைத்து அழுத்தினால், ஓட்டைக்குள் தண்ணீர் இறங்காது.

டபுள் சைடு டேப் துணைக்கு இருக்கலாம். முழுப் பாரத்தையும் அதன்மேல் போடக் கூடாது. புதுப் பெயின்ட்டிலிருந்து தின்னர் முழுவதும் ஆவியாக ஒரு மாதமாவது விட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் ஒட்டுங்கள். இதற்குப் பயன்படும் அக்ரிலிக் ஃபோம் வகை டபுள் சைடு டேப் முழுப் பிடிப்புக்கு வர ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும் என்பதால், அதுவரை காரைக் கழுவாதீர்கள். வினிகர் வாடை வீசும் சிலிக்கானை எந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பைத் தின்னும்.

மாட்டுவதற்கு முன் முன்சக்கர வளைவிலிருந்து பின்கதவு வரை நூல் பிடித்து, மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சுத்தியல் பட்டால் மெல்லிய பீடிங் நெளிந்துவிடும், அந்த நெளிவை எடுப்பது மிகக் கடினம். பீடிங்கின் கீழ் விளிம்பை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள், உள்ளே போகும் நீர் வடிய அந்த இடைவெளி வேண்டும். கதவின் அடிப்பகுதியில் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று அன்றே குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள். அதன்பின் வாரம் ஒரு முறை, பீடிங்கின் மேல் விளிம்பை ஒட்டி நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவினால் போதும்.