டென்வரில் பழைய எஸ்யூவி வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பது இதுதான்: எச்1பி வேலை விசாவில் சென்னையிலிருந்து கொலராடோவின் டென்வர் வந்து சில மாதம் ஆகிறது, வீட்டில் ஒரு கேம்ரி கார் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில் மனைவியையும் ஆறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மலைக்குள் மண் ரோடுகளில் போய்ப் பார்க்க ஆசை. கையில் 15,000 டாலர். ஜீப் ராங்ளரா, டொயோட்டா ஃபோர்ரன்னரா, டொயோட்டா டகோமா பிக்கப்பா, இல்லை பேசாமல் ஒரு சுபாரு ஃபாரஸ்டரா?

வண்டிப் பேச்சு அப்புறம். எந்த ரோட்டில் போகப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கொலராடோவில் மண் ரோடு என்றால் அது ஒரே ஜாதி இல்லை. பிரெக்கன்ரிட்ஜிலிருந்து கோமோ போகும் போரியஸ் பாஸ் (பாஸ் என்றால் கணவாய்) 11,481 அடி உயரம். ஆனால் அது அந்தக் காலத்தில் ரயில் போன தடம். ரயிலுக்காகப் போட்ட ஏற்றம் என்பதால் செங்குத்தே கிடையாது. மழை இல்லாத நாளில் உங்கள் கேம்ரியே மெதுவாக ஏறிவிடும். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது ஊரே திரண்டு போகும் கெப்ளர் பாஸும் அப்படித்தான். உங்கள் ஆசை இவ்வளவுதான் என்றால் ஃபாரஸ்டரே போதும். அடியில் 8.7 அங்குல இடைவெளி இருக்கிறது. மிச்சப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

லேக் சிட்டி, யூரே, சில்வர்டன் மூன்றையும் சுற்றி வரும் ஆல்பைன் லூப் வேறு கதை. கிட்டத்தட்ட 65 மைல், அதில் சின்னமன் பாஸ் 12,640 அடி, இன்ஜினியர் பாஸ் 12,800 அடி. இங்கே லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் அடுக்கு, உள்ள வண்டிதான் வேண்டும். ஆயிரம் அடி ஏற ஏற, டர்போ இல்லாத இன்ஜின் சுமார் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். பன்னிரண்டாயிரம் அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போவது முழுக்கத் தார் ரோடு. அங்கேயே இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, பிரேக் எவ்வளவு சூடு என்று பார்க்கிறார்கள். கொதித்தால் ஓரங்கட்டச் சொல்வார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற ரோட்டில் அப்படி நிறுத்திப் பார்க்க யாரும் இல்லை. லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டால் வண்டி தானே நடை வேகத்தில் இறங்கும், பிரேக்கில் கால் வைக்கும் வேலையே குறைவு. ஃபாரஸ்டரில் இது கிடையாது.

மூன்றாவது ஜாதி, டெல்யூரைடுக்கு ஒருவழியாக இறங்கும் பிளாக் பேர் பாஸ் மாதிரி ரோடுகள். பையனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே வேண்டாம்.

சரி, இப்போது வண்டிகள். 2011 முதல் 2024 வரை வந்த ஃபோர்ரன்னர் என்றால் 4 லிட்டர் வி6, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். பழைய சரக்குதான், ஆனால் சாகாது. ஒன்றரை லட்சம் மைல் ஓடியதற்கும் சளைக்காமல் விலை சொல்வார்கள். கண்ணை உறுத்தினாலும் எச்1பி விசாவில் இருக்கும் உங்களுக்கு அது ஒரு வகையில் லாபம். வேலை போனால் வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அந்த நெருக்கடியில் போட்ட பணத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு சட்டென்று விற்க முடிகிற வண்டி இது. ஒன்று மட்டும் கவனம்: டூ வீல் டிரைவ் ஃபோர்ரன்னரும் உண்டு. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே ஃபோர் லோ (நான்கு சக்கரமும் லோ ரேஞ்சில் இழுப்பது) போடும் லீவரோ திருகோ இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பிப் போகாதீர்கள்.

என் ஓட்டு லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 470க்கு, 2003 முதல் 2009 வரை வந்தது. துபாயில் பிராடோ என்று ஓடுகிறதே, அடிப்படையில் அதே வண்டி. 4.7 லிட்டர் வி8. டைமிங் பெல்ட்டை 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய பில் இல்லை என்றால் விலையில் ஆயிரம் டாலருக்குக் குறையாமல் கழியுங்கள். பெட்ரோல் குடிக்கும், காலனுக்கு 15 மைல் வந்தாலே சந்தோஷம். மலைக்கு மட்டும் எடுக்கும் இரண்டாவது வண்டிக்கு அது தாங்கும்.

கை கடித்தால் நிசான் எக்ஸ்டெரா. ஆனால் 2005 முதல் 2010 வரை வந்தவற்றில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிரும் பகுதி கசிந்து, கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போய் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டதா என்பதுதான் அதற்கு முதல் கேள்வி. ராங்ளர் மலையில் ராஜா, சந்தேகமே இல்லை. வாங்கினால் 3.6 லிட்டர் இன்ஜின் வந்த 2012க்குப் பிறகு பாருங்கள். ஆனால் மலைக்குப் போய்ச் சேர ஐ-70ல் மூன்று நான்கு மணி நேரம் அந்தக் காற்றுச் சத்தத்தில் உட்கார வேண்டியது உங்கள் வீட்டுக்காரம்மா. அவரையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டகோமா நல்ல வண்டி, உங்கள் பணத்துக்கு வயதானதுதான் கிடைக்கும். அதன் கதை அடுத்த பத்தியில்.

பழைய வண்டியை பானட் திறந்து பார்த்து வாங்குபவர்கள் அதிகம். நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். அங்கே பத்து வருடம் ஓடிய வண்டி மேலே பளபளவென்று இருக்கும், அடியில் சேஸிஸ் அரித்துப் போயிருக்கும். இங்கேயும் மக்னீசியம் குளோரைடு அடிக்கிறார்கள்தான், ஆனால் காற்று வறண்டது என்பதால் சேதம் குறைவு. எந்த மாநிலத்தில் பதிவாகி இருந்தது என்பது வண்டியின் பழைய வரலாறு சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கையில் தெரிந்துவிடும். போகும்போது ஒரு டார்ச், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், விரிக்க ஒரு அட்டை. பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் வளையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாகக் கையோடு வந்தாலோ எழுந்து வந்துவிடலாம். மேலோட்டமாகச் செம்பழுப்பு ஏறியிருப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த மாதிரி புதுக் கறுப்பு பெயிண்ட் அடியில் மின்னினால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். 2005–2010 டகோமாக்களில் இந்தத் துரு பெரிய வழக்காகவே போய், டொயோட்டாவே பலருக்குச் சேஸிஸ் மாற்றிக் கொடுத்தது. மாற்றியதற்குக் காகிதம் இருந்தால் அந்த வண்டி யோகம்.

அங்கேயே படுத்திருக்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை வளைந்திருக்கிறதா, அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் பெட்டியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, அச்சு மூட்டுகளை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஓட்டிப் பார்க்கும்போது ஃபோர் லோ போடச் சொல்லுங்கள், மண்ணிலோ சரளையிலோதான். தார் ரோட்டில் போட்டுத் திருப்பக் கூடாது. டேஷ்போர்டில் ஃபோர் லோ விளக்கு மினுக்கிக்கொண்டே நின்றால் வருடக்கணக்கில் அதை யாரும் தொடவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ல் 23ஆவது வாரம் செய்தது. இவ்வளவும் சரி என்றால் 150, 200 டாலர் கொடுத்து வெளி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்கு ஒப்பாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

உயர்த்திக் கட்டி, ராட்சத டயர் போட்டு, மேலே விளக்கு வரிசை வைத்த வண்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த ஆள் அதை வைத்து என்ன செய்தார் என்று அந்த அலங்காரமே சொல்கிறது. அதற்குப் பதில் ஆலங்கட்டி மழையில் அடி வாங்கிய வண்டியைத் தேடுங்கள். 2017 மே மாதம் டென்வரில் கொட்டியதைப் பற்றி இன்னும் பேசுவார்கள். கூரையெல்லாம் குழி குழியாக இருக்கும், விலை இறங்கும், ஓட்டத்துக்கு ஒரு குறையும் இருக்காது. மரக்கிளை உரசும் ரோட்டுக்குப் பளபளப்பு எதற்கு? டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், சால்வேஜ் (பெரிய சேதத்தால் கழித்துக் கட்டியது), ரீபில்ட் (அப்படிக் கழித்ததைச் சரிசெய்தது) என்று இல்லாமல் இருந்தால் போதும். தனியாரிடம் வாங்கினால் டைட்டில் விற்பவர் பெயரிலேயே கையில் இருக்க வேண்டும். டென்வர் வட்டாரத்தில் புகைச் சோதனைச் சான்றிதழ் தருவது அவர் பொறுப்பு. நம்பர் பிளேட்டை அவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார், பதற வேண்டாம்.

15,000த்தையும் வண்டியிலேயே கொட்டாதீர்கள். இரண்டாயிரமாவது ஒதுக்குங்கள். மண், கல், தார் எல்லாவற்றுக்கும் ஆகும் நல்ல ஆல் டெரெய்ன் டயர் நான்குக்கே ஆயிரத்தைத் தாண்டும். முழு அளவு ஸ்டெப்னி, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் இரண்டும் அவசியம். கரடுமுரடில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பையன் தலை கூரையில் இடிக்காது. தார் ரோடு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். பெட்ரோல் பங்கில் இங்கே 85 ஆக்டேன் என்று ஒன்று விற்கிறார்கள். வண்டிப் புத்தகத்தில் 87 என்று போட்டிருந்தால் 87ஏ போடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. யூரேயில் நாள் வாடகைக்கு ஜீப் கிடைக்கும், ஆல்பைன் லூப் போகவே கொடுப்பது. சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தங்களில் மண் ரோட்டுக்கே பெரும்பாலும் தடை, அதனால் அதில் ஏறிவிடாதீர்கள். அந்த ஒரு நாளில் உங்கள் மனைவிக்கு விளிம்போரம் போவது ஒத்துவருகிறதா, பையனுக்கு வாந்தி வருகிறதா என்று தெரிந்துவிடும். உயரமான பாஸ்கள் பனி விலகித் திறக்க ஜூன் கடைசி, ஜூலை ஆகிவிடும். ஆக வண்டி தேட இன்னும் அவசரமில்லை. ஊரிலிருந்து அப்பா, அம்மா வரும்போதுதான் முதல் பயணம் என்று திட்டம் இருந்தால், வந்து இறங்கிய வாரமே பன்னிரண்டாயிரம் அடிக்கு ஏற்றாதீர்கள். அப்புறம் கதவுக்குக் கீழே மிதிபடி உள்ள வண்டியாகப் பாருங்கள், முட்டி வலியோடு ஏறுவது கஷ்டம்.

ஏதாவது வண்டி கண்ணில் பட்டால் வருடம், மைல், அடிப்பக்கப் படம் இரண்டு அனுப்புங்கள். மேல்பக்கப் படம் வேண்டாம்.