1918 வெள்ளி ரூபாய்க்குப் பதிவுக் கட்டணமா? கட்டாதீர்கள்

பாட்டியின் 1918 வெள்ளி ரூபாயை 25,000-க்கு விற்பனைக்குப் போட்டும் யாரும் வரவில்லை, இப்போது ஒருவர் இரண்டு லட்சம் தருகிறேன், முதலில் 3,000 ரூபாய் ‘பதிவுக் கட்டணம்’ கட்டுங்கள் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கட்டவே கட்டாதீர்கள். இரண்டு லட்சம் தருகிறேன் என்பவர் முன்பணம் பறிக்கத்தான் வந்திருக்கிறார். ரிசர்வ் வங்கிக் கடிதம் காட்டினாலும் நம்பவேண்டாம். நாணய விற்பனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று அந்த வங்கியே 2021-லேயே எச்சரித்துவிட்டது.

நீங்கள் போட்ட 25,000-க்கு ஆள் வராததற்குக் காரணம், 1918 ஜார்ஜ் மன்னர் ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. சேலத்தில்தானே இருக்கிறீர்கள், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 11.66 கிராமை ஒட்டி நின்றால் சரி. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. நீங்கள் விற்கும் நாளில் அவ்வளவு வெள்ளிக்கு என்ன விலையோ, அதுதான் உங்கள் குறைந்தபட்ச விலை. அப்புறம், ஏலத்தில் விற்று முடிந்த விலைகளோடு ஒப்பிடுங்கள்.

தேய்மானத்தில் எடை கொஞ்சம் குறையலாம், உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். படம் எடுக்கும் முன் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பாட்டியின் சுருக்குப்பையில் ஏறிய கருமை அப்படியே இருக்கட்டும். சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.