டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுவோம் என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 18 வருடமாகப் பவர் டேபிள் டெய்லர். நாலு வருடமாக இடுப்பு வலி. காலுக்கு இறங்குவதில்லை. ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். வலி மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது. பக்கத்துத் தெரு மசாஜ் சென்டரில் 21 நாள் எண்ணெய் தேய்த்து, சூடாகக் கிழி (துணிமூட்டை ஒத்தடம்) கொடுத்து டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுவதாகச் சொல்கிறார்கள். 30,000 ரூபாய் முழுவதும் முன்பணம். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? இப்போது நாள் முழுக்க இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்கிறேன்.

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. மசாஜ் செய்துகொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் இந்தக் கணக்கில் வேண்டாம்.

முதலில் அந்த டிஸ்க் விஷயம். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். எல்4-எல்5 என்பது இடுப்பில் இருக்கும் நாலாவது, ஐந்தாவது எலும்புகள். முதுகில் அழுத்தும் விரலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் தோல், கொழுப்பு, கெட்டியான தசை, எலும்பு, நரம்புகள் அடங்கிய பை என்று இத்தனை அடுக்குகள் இருக்கின்றன. எந்தக் கட்டைவிரலும் இவற்றைத் தாண்டிப் போய் டிஸ்க்கைத் தள்ள முடியாது. தள்ளவும் தேவையில்லை. இடுப்பு வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே பிதுக்கம் தெரியும். தலை நரைப்பது மாதிரிதான் பலருக்கு இது. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து குனியப் பயந்து, பாரம் தூக்கப் பயந்து, வலி இன்னும் கூடியவர்களை என் ஓ.பி.யில் வாரந்தோறும் பார்க்கிறேன். அந்தப் பயத்தை வைத்து முன்பணம் வாங்குவதுதான் எனக்குக் கோபம்.

டிஸ்க் நகரவில்லை என்றால் மசாஜ் செய்ததும் ஏன் சுகமாக இருக்கிறது? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் பலருக்கு நரம்பு மண்டலமே கூருணர்ச்சி அடைந்துவிடுகிறது. சின்ன அசைவையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது. இதமான தொடுதல் அந்த அலாரத்தைத் தணிக்கிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் வேலை செய்யும்போது வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965-லேயே எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான். தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பு இழைகளும் உண்டு. நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் அளவு வேகம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 401 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011-ல் வெளியானது. சிலருக்குத் தசை தசையாகத் தேடி அழுத்தும் நுட்பமான மசாஜ், சிலருக்குச் சாதாரண இதமான மசாஜ், வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம். இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. மூன்றில் ஒருவருக்கும் மேல் வலி நன்றாகக் குறைந்தது, அல்லது போயே விட்டது. வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களில் 25 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. ஆனால் ஒரு வருடத்தில் அந்தப் பலன் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆக, உங்கள் தெருவில் சொல்லும் விசேஷ முறைக்கென்று விசேஷ விலை கொடுக்க வேண்டியதில்லை. தினமும் 21 நாள் என்பதும் அவசியமில்லை.

நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்கு ஒரு தனி முறையே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலான ஒன்பது வகை. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் விசாரியுங்கள், அங்கேயே பிசியோதெரபிஸ்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலும் செய்யலாம். மகளோ தங்கையோ கொஞ்சம் வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உள்ளங்கையில் தடவி, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை இறக்கட்டும். ஒருமுறை இறங்க கால் நிமிடம் ஆக வேண்டும். அவ்வளவு மெதுவாக. முதுகெலும்பின் மேலே அழுத்தக்கூடாது, இரண்டு பக்கத் தசையில் மட்டும். பதினைந்து நிமிடம் போதும். பல்லைக் கடித்துத் தாங்கும்படி அழுத்தினால்தான் குணம் என்பது தவறு. கழுத்தைச் சொடுக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் கிழியில் எனக்குப் பயம் இருக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் அங்கே சூடு வைக்கவே வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கக்கூடாது, ரத்தக்கட்டி இருக்கலாம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு அல்லது கசிவு, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மசாஜ் யோசனையை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மசாஜ் முடிந்து உடம்பு லேசாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் படுத்துக் கழிக்காதீர்கள். உடனே கொஞ்சம் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடம், மெதுவாகக் கூட்டி அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2024-ல் வெளிவந்த ஆய்வில், நடைப்பயிற்சிக்குப் பழகியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். கம்பெனியில் ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் வளைத்துவிட்டு உட்காருங்கள். சூப்பர்வைசர் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தந்த வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியோடு மசாஜுக்கும் இடம் இருக்கிறது, பெல்ட் வேண்டாம் என்றே இருக்கிறது. ஒரே நாளில் கழற்றப் பயமாக இருந்தால் வீட்டில் இருக்கும் நேரத்தில் முதலில் கழற்றிப் பழகுங்கள். நெஞ்செரிச்சல் தரும் மாத்திரையை நிறுத்தி, சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் மாற்று கேளுங்கள். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல, கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை மசாஜ், கூடவே நடை என்று ஆறு வாரம் பாருங்கள். காலையில் எழும்போது இடுப்புப் பிடிப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டரில் குறித்து வைத்து, அதோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.