பேக்கன்ட்ரி பனிச்சறுக்குக்குப் போய்வந்தவர்கள் ஏன் பயணக் குறிப்பு எழுதுகிறார்கள்? புதியவர் என்ன எழுதலாம்?

கேள்வி கேட்டவர் கனடாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறதாம். ரிசார்ட்டில் லிஃப்டில் ஏறிச் சறுக்கப் பழகிவிட்டார். இனி லிஃப்ட் இல்லாத மலைக்குள், தானே ஏறித் தானே இறங்கும் பேக்கன்ட்ரி சறுக்கலுக்குப் போக ஆசை. அப்படிப் போகிறவர்கள் வீடு திரும்பியதும் உட்கார்ந்து குறிப்பு எழுதிப் பகிர்கிறார்களே, அது எதற்கு, நானும் எழுதலாமா, என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறார்.

எழுதுங்கள். நினைத்த இடத்துக்குப் போகாமல் பாதியில் திரும்பிய நாளைப் பற்றி மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எனக்கு இது உறைத்தது ஒரு ஜனவரி மாதம், ரோஜர்ஸ் பாஸில்.

நான் கோத்தகிரிக்காரன். கால்கரிக்கு வந்து ஒன்பது வருடம். இங்கிருந்து டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் மேற்கே நாலு மணி நேரம் போல ஓட்டினால், கோல்டன் ஊரைத் தாண்டி ரோஜர்ஸ் பாஸ் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் செல்கர்க் மலைகளில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கணவாய். உயரம் 1,330 மீட்டர்தான், கோத்தகிரி அதைவிட மேலே இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையாகக் கொட்டுவது போல, பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிக்காகத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

ஏறுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் என்று ஒரு நீளமான பட்டையை ஒட்டிக்கொள்வோம். முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். இப்போது நைலானிலும் அங்கோரா ஆட்டு ரோமத்திலும் வருகிறது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிப் போகும், மாற்றித் தடவினால் ரோமம் எதிர்த்து நிற்கும். ஸ்கின்னும் அப்படித்தான்: முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்க விடாது. பலகையிலிருந்து குதிகாலை மட்டும் விடுவித்துக்கொண்டு மூன்று, நான்கு மணி நேரம் ஏறுவோம். மேலே போய்ப் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டிவிட்டு இறங்கினால் இருபது நிமிடத்தில் கீழே. எனக்கு அந்த ஏற்றமும் பிடிக்கும். ஸ்கின் பனியில் உரசும் சத்தமும் என் மூச்சும் தவிர வேறொன்றும் காதில் விழாது.

ரோஜர்ஸ் பாஸ் அழகான இடம், ஆட்களைக் கொன்ற இடமும் கூட. 1885-ல் ரயில் பாதை இந்தக் கணவாய் வழியாகத்தான் போட்டு முடிக்கப்பட்டது. 1910 மார்ச் 4 இரவு, பாதையில் விழுந்திருந்த பனிச்சரிவைத் தொழிலாளர்கள் வெட்டி அகற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு இறங்கியது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். ரயில்வே 1916-ல் சுரங்கம் குடைந்து கணவாயைக் கைவிட்டது. 1962-ல் நெடுஞ்சாலை வந்தது. பூங்காவுக்குள் அந்தச் சாலையை வெட்டிக்கொண்டு 130-க்கும் மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. ராணுவம் 105 மி.மீ. பீரங்கியால் சுட்டு, போக்குவரத்தை நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்துப் பனியை இறக்கிவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் பல சரிவுகளில் கால் வைக்க முடியாது. எந்தப் பகுதி இன்று திறந்திருக்கிறது என்பதைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2003 பிப்ரவரி 1 அன்று இதே பூங்காவில், கானாட் ஓடைப் பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்த பள்ளிக் குழு ஒன்றின் மேல் பனி சரிந்து ஏழு மாணவர்கள் இறந்தார்கள். இங்கே பனிச்சரிவைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லும் விதமே அதற்குப் பிறகு மாறியது. வழிகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று தரம் பிரித்தார்கள். இன்று அவலாஞ்ச் கனடா என்று அழைக்கப்படும் அமைப்பு 2004-ல் உருவானது. தினசரி முன்னறிவிப்பில் ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணாகச் சொல்வார்கள். 5 என்றால் யாரும் போகப்போவதில்லை. பிரச்சினை 3-ல்தான். பார்க்க நடுவில் இருக்கும் எண், போகலாம் போலவும் இருக்கும், ஆனால் நிறையப் பேர் இறப்பது 3 அறிவித்த நாட்களில்தான்.

சரி, அந்த ஜனவரிக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர்: நான், அலுவலக நண்பர் ஒருவர், அவருடைய தங்கை. அவர்கள் யாழ்ப்பாணக் குடும்பம், தங்கை இங்கேயே பிறந்தவர், எங்கள் இருவரையும்விட நன்றாகச் சறுக்குபவர். வெள்ளிக்கிழமை இரவு கோல்டனில் அறை எடுத்து, எங்கே போகலாம் என்று பார்த்தோம். புதன்கிழமை அஸுல்கன் பள்ளத்தாக்குக்குப் போய்வந்த ஒருவர் குறிப்புப் போட்டிருந்தார். பள்ளத்தாக்கின் மேலே, சறுக்க வருகிறவர்கள் தங்கும் குடிசை ஒன்று உண்டு. அதற்குக் கீழே டிரீ டிரையாங்கிள் என்று மரங்கள் சூழ்ந்த மலைச்சரிவு. அங்கே தொடை வரை புதுப்பனி. பதினோரு படங்கள். கடைசியில் ஒரே வரி: பனி உறுதியாக இருந்தது.

முன்னறிவிப்பையும் படித்தோம். 3 என்று போட்டிருந்தது, புதைந்திருக்கும் ஒரு பலவீன அடுக்கைப் பற்றி நாலு வரி இருந்தது. படித்தோம், அந்தப் படங்கள்தான் மனதில் நின்றன.

சனிக்கிழமை காலை வண்டியை நிறுத்திவிட்டு டிரான்சீவர்களைச் சரிபார்த்தோம். பனியில் புதைந்தவரைத் தேட உதவும் கருவி அது, எல்லோருடையதும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசும். அதோடு குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி. இந்த மூன்றும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் உதவி வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் 40 ஆண்டு விபத்துகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வின்படி, 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தை நெருங்கினால் மூன்று பேர்தான்.

இரண்டு மணி நேரம் பள்ளத்தாக்கின் அடியிலேயே நடந்தோம். அதன் தலைப்பகுதியில் மவுஸ்டிராப் என்று ஓர் இடம் உண்டு, எலிப்பொறிதான். பல சரிவுப் பாதைகள் ஒரே கிண்ணத்தில் வந்து கொட்டும். குடிசைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால், ஏறக்குறைய சமதளத்தில், என் பலகைக்கு அடியில் 'வும்ஃப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய அரிசி மூட்டையைத் தரையில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. நின்ற இடம் ஒரு விரல்கடை கீழே இறங்கியதைக் காலால் உணர்ந்தேன். முன்னால் போன தங்கையின் தடத்துக்குக் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது.

பனிக்கு அடியில் பலவீனமான அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. தோண்டிப் பார்த்தோம். 45 சென்டிமீட்டருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டது போலச் சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் இறகு இறகாகப் படிகங்கள். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. கோத்தகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுக்கு மறுநாள் காலை, புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். அந்த உறைபனியேதான். இங்கே அது பனியின் மேல் இறகு போல வளர்கிறது. வெயிலில் மின்னும்போது பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால், சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்து மேலே பலகை வைத்தது போல ஆகிவிடும். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த அடுக்கு எந்தத் தேதியில் புதைந்ததோ அந்தத் தேதியையே அதற்குப் பெயராக வைத்து முன்னறிவிப்பாளர்கள் அதைக் கண்காணிக்கிறார்கள்.

பனித்தூண் ஒன்றை வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முழங்கையிலிருந்து இரண்டாவது தட்டில், அந்தச் சாம்பல் கோட்டில் மேல்பகுதி முழுசாக வழுக்கி என் மடியில் விழுந்தது.

நாங்கள் குழியில் நின்றிருக்கும்போதே நான்கு பேர் கொண்ட குழு ஒன்று எங்களைக் கடந்து மேலே போனது. கையசைத்தார்கள். அவர்கள் போட்ட தடம் நேராக, தெளிவாக, வா வா என்று கூப்பிட்டது. இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, பயிற்சி பெற்றவர்களும் ஏன் மாட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பழகிய இடம், போட்ட திட்டம், குழுவில் அனுபவசாலி ஒருவர், மற்றவர்கள் போகிறார்கள் என்ற தைரியம். எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் என் கால் அந்தத் தடத்தை நோக்கித் திரும்பியது உண்மை. தங்கைதான் சொன்னார்: "எனக்கு மனம் ஒப்பேல்ல அண்ணா. திரும்புவம்."

திரும்பினோம்.

அன்றிரவு அறையில் நான் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஒரு திருப்பம்கூடச் சறுக்காத நாளை யார் படிப்பார்கள்? நண்பர் வற்புறுத்தினார். அவலாஞ்ச் கனடாவின் செயலியில், போய்வந்தவர்கள் பார்த்ததைப் பதிவு செய்ய 2014-லிருந்து வசதி இருக்கிறது. முன்னறிவிப்பாளர்களும் அதைப் படிக்கிறார்கள். அவர்களால் எல்லாப் பள்ளத்தாக்கிலும் நிற்க முடியாதே. அதில் பத்து வரி எழுதினேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், சரிவு எந்தத் திசை பார்த்தது, சத்தம், விரிசலின் நீளம், குழியில் கண்டது, முகட்டில் காற்று பனியைத் தூக்கி எறிந்தது, ஏன் திரும்பினோம் என்பது. எலிப்பொறிக்கு அப்பால் எப்படி இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். நண்பர்கள் குழுவிலும் அதையே போட்டேன்.

காலையில் இரண்டு பதில்கள் வந்திருந்தன. ஒன்று, புதியவர்கள் மூன்று பேரை அதே இடத்துக்குக் கூட்டிப்போக இருந்தவர், திட்டத்தை மாற்றிச் சாய்வு குறைந்த காட்டுக்குள் போவதாகச் சொன்னார். இன்னொன்று புதன்கிழமைக் குறிப்பை எழுதியவரிடமிருந்து. அவரும் அன்று குழி தோண்டியிருக்கிறார். அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்திருக்கிறார். சோதனையில் விழவில்லை, அதனால் எழுதவில்லையாம். மனம் வருந்தி எழுதியிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் அதுவரை அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், படமும் பரவசமுமாக.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: 'பனி உறுதியாக இருந்தது', 'பாதுகாப்பாக இருந்தது' போன்ற வாக்கியங்களை எழுதாதீர்கள். அவை உங்கள் முடிவு, அந்த நாளுக்கும் அந்தச் சரிவுக்கும் மட்டும் உரியவை. இரண்டு நாள் காற்றடித்தால் பொய்யாகிவிடும். கண்டதை எழுதுங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடத்தில்தான் கிளம்புகின்றன, ஆகவே நீங்கள் இறங்கிய சாய்வு எவ்வளவு என்பது பத்துப் படங்களைவிடப் பயன்படும். வழியில் புதிதாகச் சரிந்த இடம் கண்ணில் பட்டதா, வெப்பநிலை ஏறியதா, எங்கே தயங்கினீர்கள், எதைப் பார்க்காமல் விட்டீர்கள். புதியவர் என்பதால் தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயம் இருக்கும். 'வும்ஃப் என்று கேட்டது' என்று எழுத நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மலைக்குள் போவதற்கு முன் ஏ.எஸ்.டி. 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பைக் கட்டாயம் முடித்துவிடுங்கள், அது இல்லாமல் யாரோடும் கிளம்ப வேண்டாம்.

நல்ல பனி கிடைக்கும் இடத்தைச் சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்று சிலர் எதையுமே பகிர மாட்டார்கள். இடத்தை மறைப்பது அவரவர் விருப்பம், அதில் எனக்கு வருத்தமில்லை. பனி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து மறைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. பள்ளத்தாக்கின் பெயர் சொல்லாமலே உயரம், திசை, அடுக்கு மூன்றையும் எழுத முடியும்.

மார்ச் மாதம் மூவரும் மறுபடி போனோம். அந்த அடுக்கு அடங்கிவிட்டது என்று முன்னறிவிப்பு சொன்னது, ஆபத்து 1. வெயில் ஏறினால் கதை மாறும் என்பதால் தலைவிளக்கோடு இருட்டிலேயே கிளம்பி, எலிப்பொறியை ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கடந்தோம். டிரீ டிரையாங்கிளைத் தாண்டி மேலே, கனடிய ஆல்பைன் கிளப்பின் அஸுல்கன் குடிசை. தேநீர் கொதிக்கும்வரை அங்கிருந்த பதிவேட்டைப் புரட்டினேன். ஜனவரிப் பக்கம் ஒன்றில், அன்று எங்களைக் கடந்து போன நால்வர் எழுதியிருந்தார்கள். ஏறும்போது மூன்று முறை அதே சத்தம் கேட்டதாம். எப்படி இறங்குவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னொரு இரவு இங்கேயே தங்கப் போகிறோம் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் அதே கையெழுத்தில், பத்திரமாக இறங்குகிறோம், காலை 6 மணி, கடுங்குளிர் என்று ஒரு வரி.

எங்கள் பதிவை ஆங்கிலத்தில் எழுதி முடித்தபின் தங்கை பேனாவை வாங்கி, கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தார்: "எலிப்பொறியை வெயில் வர முன்னம் கடந்தோம். மேற்குப் பக்கம் நேற்றுச் சரிந்த தடம் ஒன்று கிடக்குது, பாத்துப் போங்கோ."