கே என்பதால ஆபத்துல இருக்குற ஒரு வெளிநாட்டுத் தொழில்முனைவோர் பிசினஸ் விசாவுல வெளியேறலாமா, இல்ல அசைலம் கேக்கணுமா?

கேள்விய சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். கேட்டவரோட நண்பர் ஒருத்தர் உகாண்டாவுல, கம்பாலாவுல, சின்னதா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறார், கே, பல வருஷமா தன் பார்ட்னரோட, அதாவது வாழ்க்கைத் துணையோட, ஒரே வீட்டுல வாழறார். இப்ப அங்க இருக்க முடியல. தொழில்முனைவோர் விசாவுல கௌரவமா கிளம்பிடலாமா, இல்ல அசைலம், அதாவது அகதியா அடைக்கலம், கேட்டுப் போய் நிக்கணுமா, கம்பெனிய என்ன பண்றது, இதான் கேள்வி.

நான் கனடாவுல ஒரு சின்ன இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸ்ல பிசினஸ் ஃபைல் தயார் பண்ற வேலை பாக்குறேன். வக்கீல் இல்ல. ஆனா இந்த மாதிரி ஆளுங்க கொண்டு வர்ற காகிதங்கள எடுத்து அடுக்குறது என் வேலைதான், அதனால இந்த விஷயம் எனக்கு செய்தி மட்டும் இல்ல.

முதல்ல அந்த "கௌரவமா"ங்கற வார்த்தைய விட்டுடுங்க. அசைலம் கேக்குறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது, 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்துப் போட்ட நாடுகள் அவருக்கு கடமைப்பட்டிருக்கு, அவர் பிச்சை கேக்கல. அதே சமயம் பிசினஸ் விசாவுல போறது ஏமாத்து வேலையும் இல்ல, உண்மையான கம்பெனி உண்மையான ஐடியா இருந்தா அது அவரோட உரிமை. என் பதில் என்னன்னா, பிசினஸ் விசா அவர விமானத்துல ஏத்தும் ஆனா பாதுகாப்பு தராது, அசைலம் பாதுகாப்பு தரும் ஆனா சொந்த நாட்டுக்குள்ள உக்காந்துகிட்டு அத கேக்க முடியாது, அதனால எது மேல எது கீழன்னு பாக்காம, எந்த வழியில போனாலும் முதல் ஃபார்ம்லயே உண்மைய எழுதணும். இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னு கீழ வரும்.

உகாண்டா நிலைமை தெரியாதவங்களுக்கு கொஞ்சம். பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன, "இயற்கைக்கு மாறான" உறவு குற்றம்ங்கற பிரிவு அங்க ஏற்கனவே இருந்துச்சு, நம்ம இந்தியாவோட 377வது பிரிவு மாதிரியேதான், நம்மளுது 2018 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றத்துல போச்சு, அங்க போகல. 2010ல ஒரு பத்திரிகை கே ஆளுங்க பேரு போட்டோ எல்லாம் போட்டு தூக்குல போடுங்கன்னு அட்டையில அச்சடிச்சது, அந்தப் பட்டியல்ல இருந்த டேவிட் காட்டோ, நீதிமன்றம் போய் அந்தப் பத்திரிகைக்கு எதிரா ஜெயிச்சவர், 2011 ஜனவரியில அவர் வீட்டுலயே சுத்தியலால அடிச்சுக் கொல்லப்பட்டார். 2014ல ஒரு சட்டம் வந்துச்சு, பார்லிமெண்ட்ல ஓட்டு எடுத்தப்ப தேவையான அளவு உறுப்பினர்கள் இல்லன்னு அரசியல் சாசன நீதிமன்றம் அத ரத்து பண்ணுச்சு. அப்புறம் 2023 மே மாசம் அதிபர் முசெவேனி கையெழுத்துப் போட்ட சட்டம், ஆயுள் தண்டனை, "மோசமான வகை"ன்னு அவங்க பிரிச்சு வச்சிருக்குறதுக்கு மரண தண்டனை, "பரப்புனா" 20 வருஷம் வரைக்கும் ஜெயில், அதுல ஒரு கம்பெனியோ அமைப்போ மாட்டுனா 100 கோடி ஷில்லிங் வரைக்கும் அபராதம், லைசென்ஸும் போகலாம். அதாவது ஒரு முதலாளிக்கு ஆபத்து உடம்புக்கு மட்டும் இல்ல, கம்பெனிக்கும் சேத்துதான். 2024 ஏப்ரல்ல நீதிமன்றம் வீடு வாடகைக்கு விடுறது, போலீசுக்கு தகவல் சொல்லியே ஆகணும்ங்கறது மாதிரி சில பிரிவ மட்டும் நீக்கிட்டு மிச்சத்த அப்படியே நிக்க வச்சிடுச்சு. சட்டத்துல அந்தப் பிரிவு போனதால வீட்டுக்காரர் மனசு மாறிடுமா என்ன.

பக்கத்துல கென்யாவுக்கு ஓடலாமேன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. அங்கயும் 14 வருஷ தண்டனைப் பிரிவு இருக்கு, 2019 மே மாசம் நைரோபி உயர் நீதிமன்றம் அத செல்லும்னு சொல்லிடுச்சு, கக்குமா முகாமுக்குப் போன உகாண்டா கே அகதிங்க அங்கயே அடி வாங்கியிருக்காங்க. ருவாண்டாவுல கே உறவு குற்றம் இல்ல, உகாண்டாக்காரங்க சுலபமா போகலாம், கம்பெனி பதிவும் ஈசி, கொஞ்ச நாள் மூச்சு விட அது உதவும், ஆனா பாதுகாக்குற சட்டம்னு எதுவும் இல்ல. துபாய் பத்தியும் கேப்பீங்க. பிசினஸ் பண்ண அத விட சுலபமான இடம் கிடையாது, விசா கிடைக்கும், ஆனா அங்கயும் அது குற்றம்தான், ஒரு ஜெயில விட்டுட்டு இன்னொரு ஜெயிலுக்கு பக்கத்துல ஆபீஸ் போடுற மாதிரி, தயவுசெஞ்சு வேணாம். ரஷ்யாவுல இருந்து ஜார்ஜியாவுக்குப் போன கே ஐடி ஆளுங்களுக்கும் இதான் ஆச்சு, விசா இல்லாம போகலாம்னு போனாங்க, 2024 செப்டம்பர்ல அந்த நாடும் ரஷ்யா பாணியில கே ஆளுங்களுக்கு எதிரா சட்டம் போட்டுடுச்சு. சிங்கப்பூர் 2022ல 377ஏ பிரிவ எடுத்துட்டாங்க, ஆனா பார்ட்னர துணைன்னு கூட்டிட்டுப் போக முடியாது. தொழில் பண்ண நல்ல நாடு, அவர் வாழ நல்ல நாடுன்னு ரெண்டு பட்டியல் போட்டு ரெண்டுலயும் இருக்குறத மட்டும் பாருங்க.

அப்படிப் பாத்தா என்ன மிஞ்சுது. கனடா ஸ்டார்ட்-அப் விசா ஒரு காலத்துல நேரா நிரந்தர வசிப்புரிமை குடுத்துச்சு, அதனால எல்லாரும் அத சொல்லுவாங்க, ஆனா கூட்டம் குவிஞ்சு, 2024ல ஆதரவுக் கடிதம் தர்ற ஒரு அமைப்பு வருஷத்துக்கு 10 ஸ்டார்ட்-அப்புக்கு மேல ஆதரிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்து, 2025 கடைசியில புது விண்ணப்பத்தையே நிறுத்திட்டாங்க, பழைய வீடியோ பாத்து யாருக்கும் காசு கட்டிடாதீங்க. அமெரிக்காவுல ஈ-2ங்கற முதலீட்டாளர் விசா, ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான், உகாண்டா அதுல இல்ல, இந்தியாவும் இல்ல. முதலீடு பண்ணி கிரீன் கார்டு வாங்குற ஈபி-5க்கு குறைஞ்சது 8 லட்சம் டாலர் போடணும், அதுவும் 10 பேருக்கு வேலை உருவாக்கிக் காட்டணும், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்காரருக்கு அது எட்டாது.

உங்க நண்பருக்கு நான் பாக்குறது பிரிட்டனோட இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசா. 2023 ஏப்ரல்ல வந்தது, முன்னாடி இருந்த 50,000 பவுண்ட் முதலீட்டு நிபந்தனைய எடுத்துட்டாங்க. அரசாங்கம் அங்கீகரிச்ச ஒரு எண்டார்ஸ்மெண்ட் அமைப்பு உங்க ஐடியா புதுசு, நடக்கக்கூடியது, வளரக்கூடியதுன்னு ஒப்புக்கணும், அந்த மதிப்பீட்டுக்கு 1,000 பவுண்ட், அதுக்கப்புறம் வர்ற ரெண்டு சந்திப்புக்கு ஒவ்வொண்ணுக்கும் 500. 3 வருஷத்துல நிரந்தரமா தங்க விண்ணப்பிக்கலாம். நெதர்லாந்து ஸ்டார்ட்-அப் விசா 1 வருஷத்துக்கு, கூடவே அங்க இருக்குற ஒரு அனுபவசாலி வழிகாட்டி அமைப்பு வேணும், கல்யாணம் ஆகாத ஜோடியையும் ஒழுங்கா ஏத்துக்குறாங்க, 2001லயே ஒரே பால் திருமணத்த உலகத்துலயே முதல்ல கொண்டு வந்த நாடு அது. எஸ்தோனியாவுக்கும் ஸ்டார்ட்-அப் விசா இருக்கு, ஆனா அவங்களோட ஈ-ரெசிடென்சிய அதோட குழப்பிக்காதீங்க, அது கம்பெனி நடத்துறதுக்கு ஒரு டிஜிட்டல் அட்டைதான், அத வச்சு ஒரு நாள் கூட அங்க தங்க முடியாது.

இந்த விசா எல்லாத்துக்கும் ஒரே பலவீனம், அது கம்பெனியோட கட்டப்பட்டது. ஐடியா ஊத்திக்கிச்சுன்னா, எண்டார்ஸ்மெண்ட்ட திரும்ப எடுத்துட்டாங்கன்னா, விசாவும் போகும். சாதாரண ஆளு ஊருக்குத் திரும்பி வேற வேலை தேடுவார், உங்க நண்பர் எங்க திரும்புவார்? அந்த நிலைமையில அசைலம் கேட்டே ஆகணும். அப்ப அதிகாரி முதல்ல பழைய பிசினஸ் விசா ஃபைலத்தான் எடுத்துப் பாப்பார்.

முதல் ஃபார்ம்ங்கற விஷயம் இங்கதான் வருது. எங்க ஆபீஸுக்கு வர்றவங்க கிட்ட நான் திரும்பத் திரும்பப் பாக்குறது இது. ரெண்டு ஆம்பளைங்க, வருஷக்கணக்கா ஒரே வீடு, வாடகை ஒப்பந்தத்துல ஒருத்தர் பேரு, இன்னொருத்தர் "சொந்தக்காரப் பையன்". போன்ல ஒரு போட்டோ கிடையாது, போலீஸ் செக் பண்ணுவாங்கன்னு எல்லாத்தையும் அழிச்சாச்சு. மெசேஜும் இல்ல. விசா ஃபார்ம் என்ன கேக்குது? சேந்து வாழ்ந்ததுக்கு ஆதாரம். பிரிட்டன்ல கல்யாணம் ஆகாத பார்ட்னர்னா குறைஞ்சது 2 வருஷ உறவக் காட்டணும். ஊர்ல எந்தக் காகிதம் கையில இருந்தா ஜெயிலோ, அதே காகிதத்த இங்க ஆதாரமா கேக்குறாங்க. இத நினைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு ஆறாது. அதனால பலபேரு "சிங்கிள்"னு எழுதிட்டு, நான் முதல்ல போயிட்டு அப்புறம் அவன கூப்டுக்கலாம்னு கிளம்பிடறாங்க.

அப்படி எழுதாதீங்க. கனடா விதியில, குடும்பத்து ஆள அறிவிக்காம விட்டு நிரந்தர வசிப்புரிமை வாங்குனா பின்னாடி அவர ஸ்பான்சரே பண்ண முடியாமப் போகலாம். பொய் சொன்னதா முடிவு பண்ணிட்டா 5 வருஷத் தடை. அசைலம் கேஸ்ல இன்னும் மோசம், அன்னிக்கு சிங்கிள்னு எழுதுனவர் இன்னிக்கு எப்படி இத்தனை வருஷ பார்ட்னர்னு சொல்றார்னு ஒரே கேள்வியில நம்பகத்தன்மை அடிபடும். பயத்துல மறைச்சேன்னு விளக்கலாம், நல்ல வக்கீல் விளக்குவார், ஆனா அந்தச் சுமை தேவையே இல்லாதது.

வழி இருக்கு. கனடா விதிமுறையில முதல் பிரிவுலயே ஒரு வரி இருக்கு, குறைஞ்சது 1 வருஷம் தாம்பத்திய உறவு மாதிரி இருந்தும், துன்புறுத்தல் காரணமா சேந்து வாழ முடியாதவங்களையும் சட்டப்படி துணையா எடுத்துக்கணும்னு. இத தெரியாம எத்தனை பேரு சிங்கிள்னு டிக் பண்ணியிருப்பாங்க! ஆதாரம்னா கட்டிப்பிடிச்ச போட்டோதான்னு இல்ல. மாசாமாசம் ஒருத்தர் இன்னொருத்தருக்கு மொபைல் மணியில அனுப்புன வாடகைப் பாதி, பக்கத்துப் பக்கத்து சீட் நம்பரோட ரெண்டு போர்டிங் பாஸ், ஆஸ்பத்திரி கார்டுல அவசரத்துக்கு கூப்பிட வேண்டியவர்னு எழுதுன பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே விலாசத்துக்கு வந்த பார்சல் ரசீது. நாங்க இதெல்லாம் வச்சுத்தான் ஃபைல் கட்டுறோம். முடிஞ்சா போற வழியில கல்யாணமே பண்ணிக்கலாம், தென்னாப்பிரிக்காவுல 2006ல இருந்தே சட்டம் இருக்கு, தாய்லாந்துல 2025 ஜனவரியில இருந்து வெளிநாட்டுக்காரங்களும் பண்ணிக்கலாம். ஆனா அந்த சர்டிஃபிகேட்ட திரும்ப கம்பாலாவுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது.

விசா விண்ணப்ப மையத்துல வேலை பாக்குறவங்க பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க, வெளி கம்பெனி நடத்துறது. உறவு சம்பந்தமான காகிதத்த அங்க கையில குடுக்காம ஆன்லைன்ல நீங்களே அப்லோடு பண்ணுங்க. கே என்பதுக்காக எப்பவாவது கைதாகி இருந்தா அதையும் மறைக்காதீங்க, கனடாவுல அந்தச் செயல் குற்றமே இல்லாததால அந்தத் தண்டனைய வச்சு தடுக்க முடியாது, மறைச்சாதான் மாட்டிக்குவாங்க.

அசைலம் பக்கம் சட்டம் முன்ன விட நல்லா இருக்கு. "ஊர்ல போய் அடக்கமா மறைச்சு வாழ்ந்துக்கோ"ன்னு திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க, 2010 ஜூலையில பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஈரான், கேமரூன்ல இருந்து வந்த ரெண்டு பேரு வழக்குல அது தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2013ல அதையே சொன்னுச்சு, 2014ல அந்தரங்கத்த நிரூபிக்கச் சொல்லி டெஸ்ட் வைக்கறதையும் தடை பண்ணுச்சு. ஆனா பிரிட்டன்ல அசைலம் கேஸ் நடக்கும்போது முதல் 12 மாசம் பொதுவா வேலை பாக்க முடியாது, அதுக்கப்புறம் அனுமதி கிடைச்சாலும் சொந்தத் தொழில் கிடையாது, கம்பெனி நடத்துறவருக்கு இது பெரிய அடி. அமெரிக்காவுல வந்து 1 வருஷத்துக்குள்ள கேக்கணும், செல்லுபடியாகுற விசாவுல இருந்த காலத்துக்கு விலக்கு உண்டு, ஆனா அங்க விதிங்க இப்ப வேகமா மாறுது, 2025 ஜனவரியில வெளிநாட்டுல இருந்து அகதிகள கூட்டிட்டு வர்ற திட்டத்தையே நிறுத்தி வச்சாங்க.

என் கருத்து இது. மிரட்டல் இன்னும் வரல, பாஸ்போர்ட் இருக்கு, சேமிப்பு இருக்குன்னா பிரிட்டன் இல்ல நெதர்லாந்து ஃபைல இன்னிக்கே ஆரம்பிங்க, பார்ட்னர் பேரோட. ஆனா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார், யாரோ காசு கேட்டு மிரட்டுறாங்க, போலீஸ் பேரு விசாரிச்சதுன்னா பிட்ச் டெக் (பிசினஸ் ஐடியாவ விளக்குற ஸ்லைடுங்க) எழுதிட்டு மாசக்கணக்கா காத்திருக்க வேணாம். ஆபத்துல இருக்குற கே ஆளுங்க தப்பிச்சுப் போக உதவுற, டொராண்டோவுல இருக்குற ரெயின்போ ரெயில்ரோடு அமைப்புக்கு எழுதுங்க, 2023ல இருந்து கனடா அரசு அவங்க பரிந்துரைக்கிறவங்கள நேரடியா எடுத்துக்குது, ஆனா கேக்குறவங்க ரொம்ப அதிகம், எல்லாருக்கும் கிடைக்காது, அதனால அத மட்டும் நம்பி உக்காராம முதல்ல எல்லை தாண்டிடுங்க.

கம்பெனி விஷயம். அசைலம் கேட்டுட்டா சொந்த நாட்டுத் தூதரகத்துப் பக்கமே போகக் கூடாது, ஊருக்கும் போக முடியாது, போனா பயம் இல்லன்னு அர்த்தமாகிடும். அதனால கையெழுத்து வேலை எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி முடிச்சிடணும். நம்பிக்கையான ஒருத்தருக்கு பவர் ஆஃப் அட்டர்னி, சாஃப்ட்வேர் கோடோட உரிமைய தன் பேருக்கோ வெளிநாட்டுல திறக்கப் போற கம்பெனி பேருக்கோ மாத்துற ஒப்பந்தம், டொமைன், சர்வர் கணக்கு எல்லாம் தனக்கு மட்டும் தெரிஞ்ச ஈமெயில்ல, அப்புறம் முடிஞ்ச வரைக்கும் பழைய வருஷத்து பேங்க் ஸ்டேட்மெண்ட், வரி ரசீது எல்லாம் ஸ்கேன் பண்ணி வெளிநாட்டு ஸ்டோரேஜ்ல. காசு எங்க இருந்து வந்துச்சுன்னு எந்த நாடும் கேக்கும், அன்னிக்கு கம்பாலா பேங்குக்கு போன் பண்ணி வாங்கிக்கலாம்னு இருக்க முடியாது. கூட வேலை பாக்குறவங்களுக்கு சம்பள பாக்கி இருந்தா செட்டில் பண்ணிட்டு கிளம்பச் சொல்லுங்க, மனக்கசப்புல ஒருத்தர் போலீஸ்ல போய் சொல்லிட்டா, பார்ட்னர் இன்னும் அங்க இருந்தார்னா முதல்ல மாட்டுறது அவர்தான். முடிஞ்சா ரெண்டு பேரும் ஒரே நாள் கிளம்பட்டும், வேற வேற விமானமா இருந்தாலும் பரவாயில்ல.